ஒரு காது மட்டும் கேட்கவில்லையா? நாளைக் கடத்தாதீர்கள்!

செல்போன் அடிக்கிறது. எந்த அறையில் அடிக்கிறது என்று தெரியாமல் வீடு முழுக்கத் தேடுகிறீர்கள். எடுத்ததும் எப்போதும் இடது காதில்தான் வைக்கிறீர்கள். தப்பித்தவறி வலது காதுக்கு மாற்றினால், "என்ன, லைன் கட்டாயிடுச்சா?" என்று சந்தேகம் வருகிறது. இரவில் வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தெருநாய் குரைப்பது தூக்கத்தைக் கெடுக்கிறது. இடது பக்கம் புரண்டு படுத்தாலோ... ஒரே நிசப்தம்!

இதெல்லாம் வெறும் பழக்கம் என்று நினைத்துக் கொண்டிருக்கிறீர்களா? வலது காது தன் வேலையைக் குறைத்துக் கொண்டதன் அடையாளமாகவும் இருக்கலாம்.

இரண்டு காதும் மந்தமானால் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். டி.வி. சத்தம் ஏறும், பேச்சுக் குரல் உயரும், பேரன் பேத்திகள் கேலி செய்வார்கள். ஒரு காது மட்டும் போனால் அப்படி இல்லை. நல்ல காது இன்னொன்றின் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்யும். அதனால் மாதக்கணக்கில், ஏன், வருடக்கணக்கில்கூட வெளியே தெரியாமல் போய்விடும். "அதான் ஒண்ணு கேக்குதே, போதாதா?" என்று சமாதானம் சொல்லிக் கொள்பவர்களும் உண்டு.

போதாது என்பதைத்தான் சொல்ல வந்தேன். அதிலும், ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அது அவசர சிகிச்சைக்குரிய விஷயம். மாரடைப்புக்கு ஓடுகிற மாதிரி நிமிடக் கணக்கு இல்லைதான். ஆனால், நாள் கணக்கு உண்டு.

இரண்டு காது எதற்கு?

ஒரு சத்தம் வலது பக்கத்திலிருந்து வந்தால் முதலில் வலது காதுக்குப் போய்ச் சேரும். தலையைச் சுற்றிக்கொண்டு இடது காதுக்குப் போகச் சற்று நேரமாகும். எவ்வளவு நேரம்? ஒரு வினாடியை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குகூட இல்லை! அந்த இம்மி வித்தியாசத்தை மூளை கணக்குப் போட்டு, "சத்தம் வலப்பக்கம்" என்று சொல்லிவிடுகிறது. அது மட்டுமில்லை. தலையே ஒரு சுவர் போல நின்று சத்தத்தை மறைப்பதால், அடுத்த காதில் ஒலி கொஞ்சம் குறைவாக விழும். இதையும் மூளை கணக்கில் சேர்த்துக் கொள்கிறது.

ஒரு காது போனால் இந்தக் கணக்கே தப்பிவிடும். சாலையைக் கடக்கும்போது ஹாரன் கேட்கும். எந்தப் பக்கம் பஸ் வருகிறது என்பது தெரியாது. கல்யாண மண்டபத்தில், ஓட்டலில், நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுகிற இடத்தில், பக்கத்தில் இருப்பவர் பேச்சு இரைச்சலோடு கலந்துவிடும். கேட்காத பக்கத்திலிருந்து மனைவி கூப்பிட்டால் பதில் வராது. "கூப்பிடக் கூப்பிடக் காது கேக்காத மாதிரி உக்காந்திருக்கீங்களே!" என்று சண்டை வரும். பாவம், அவருக்கு நிஜமாகவே கேட்டிருக்காது!

கோளாறு எங்கே?

காதில் மூன்று பகுதிகள் உண்டு. வெளிக்காது என்பது காது மடலும் துவாரமும். அதன் முடிவில் செவிப்பறை. அதற்கு உள்ளே நடுக்காது. அங்கே சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று குட்டி எலும்புகள் ஒலியைக் கைமாற்றி உள்ளே அனுப்புகின்றன. அதற்கும் உள்ளே நத்தைக்கூடு போல் சுருண்ட உள்காது. அதில் சுமார் 15,000 நுண்ணிய மயிர்ச் செல்கள் ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றி மூளைக்கு அனுப்புகின்றன.

வெளிக்காதிலோ நடுக்காதிலோ தடை ஏற்பட்டால் அதைக் 'கடத்தல் குறை' என்கிறோம். குறும்பி அடைப்பு, சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்தல், சீழ் வடிதல், செவிப்பறையில் ஓட்டை எல்லாம் இந்த வகை. பெரும்பாலும் சரி செய்துவிடலாம். உள்காதிலோ நரம்பிலோ பழுது என்றால் அது 'நரம்புக் குறை'. இங்கேதான் சிக்கல். அந்த மயிர்ச் செல்கள் செத்துப் போனால் மறுபடி முளைப்பதில்லை.

இரண்டில் எது என்பதை வீட்டிலேயே ஓரளவு ஊகிக்க ஒரு எளிய வழி உண்டு. வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்..." என்று முனகுங்கள். சத்தம் எந்தக் காதில் பலமாகக் கேட்கிறது? கேட்காத காதிலேயே பலமாகக் கேட்டால் அடைப்பு போன்ற கடத்தல் குறையாக இருக்கலாம். நல்ல காதில் பலமாகக் கேட்டால் நரம்புக் குறையோ என்று சந்தேகப்பட வேண்டும். ஈ.என்.டி. டாக்டர் இசைக்கவையைத் தட்டி நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வைத்துப் பார்ப்பது இதே தத்துவம்தான். வெபர், ரின்னே என்ற இரண்டு ஜெர்மானியர் பெயரால் வழங்கும் இந்தச் சோதனைகள் 19ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கின்றன. முனகல் சோதனை ஒரு குறிப்பு மட்டுமே. முடிவு சொல்ல வேண்டியது ஆடியோகிராம் என்ற கேள்வித்திறன் பரிசோதனை.

காலையில் எழுந்தால் காது 'கம்'மென்று இருக்கிறதா?

சென்ற ஆண்டு ஒரு தாயார் தன் மகளை அழைத்து வந்தார். பெண்ணுக்கு 23 வயது. நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது. மூன்று நாள் முன்பு காலையில் எழுந்தபோது இடது காது அடைத்துக் கொண்டது போல இருந்திருக்கிறது. உள்ளே 'ஙொய்' என்று ஒரு இரைச்சல். எழுந்து நின்றால் லேசாகத் தலை சுற்றல்.

"டாக்டர், ஏதாவது தைலம் குடுங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா நாலு பேருக்குத் தெரிஞ்சிடும். காதும் காதும் வெச்ச மாதிரி முடிச்சிடணும்" என்றார் அந்த அம்மாள்.

காதைப் பார்த்தேன். குறும்பி இல்லை, சீழ் இல்லை, செவிப்பறை நன்றாக இருந்தது. முனகச் சொன்னேன். நல்ல காதில்தான் கேட்டது. "அம்மா, தைலம் அப்புறம் பார்த்துக்கலாம். இன்னிக்கே ஈ.என்.டி. டாக்டரைப் பாருங்க. நாளைக்குன்னு தள்ளாதீங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினேன். "சித்த வைத்தியர்னு நம்பி வந்தா இங்கிலீஷ் டாக்டர்கிட்ட அனுப்பறீங்களே!" என்று அவருக்கு வருத்தம்தான். ஆனாலும் போனார்கள்.

இதற்குப் பெயர் 'திடீர் நரம்புக் கேள்விக் குறை'. 72 மணி நேரத்துக்குள் கேள்வித்திறன் குறிப்பிட்ட அளவுக்கு மேல் (அடுத்தடுத்த மூன்று ஒலி அலைவரிசைகளில் 30 டெசிபல்) குறைந்தால் இப்படிச் சொல்கிறார்கள். பெரும்பாலும் ஒரு காதில்தான் வரும். அமெரிக்காவில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 5 முதல் 27 பேருக்கு வருவதாகக் கணக்கு. வைரஸ் தாக்குதலோ, உள்காதுக்குப் போகிற இரத்த ஓட்டம் தடைப்பட்டதோ காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம் இன்னதென்று கண்டுபிடிக்க முடிவதில்லை.

ஏன் அவசரம்? உள்காதுக்கு இரத்தம் கொண்டு போவது மிக மெல்லிய ஒரே ஒரு இரத்தக் குழாய். மாற்றுப் பாதை கிடையாது. செல்கள் வாடத் தொடங்கினால் காத்திருக்காது. இதற்கு முக்கிய சிகிச்சை ஸ்டீராய்டு. மாத்திரையாகத் தருவார்கள், சர்க்கரை வியாதிக்காரர்களுக்குச் சர்க்கரை ஏறிவிடும் என்பதால் சில சமயம் செவிப்பறை வழியாக நடுக்காதுக்குள் ஊசியாகவும் போடுவார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் ஆரம்பிப்பதே நல்லது. இரண்டு முதல் ஆறு வாரத்திலும் ஊசி மூலம் முயன்று பார்ப்பதுண்டு. அதற்கு மேல் நம்பிக்கை குறைந்துகொண்டே போகும்.

"டாக்டர், எங்க சித்தப்பாவுக்கு ஒண்ணும் பண்ணாமலேயே சரியாப் போச்சே!" என்பீர்கள். உண்மைதான். ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஓரளவாவது தானாகத் திரும்புகிறது. ஆனால் அந்தப் பாதியில் நீங்கள் இருக்கிறீர்களா என்று யார் சொல்ல முடியும்? ஸ்டீராய்டு போட்டாலும் முழு உத்தரவாதம் கிடையாது. இருக்கிற வாய்ப்பை விட்டுவிடக் கூடாது என்பதே பேச்சு.

அந்தப் பெண்ணுக்கு ஒரு மாதத்தில் கேள்வித்திறன் பெருமளவு திரும்பிவிட்டது. கீச்சென்ற மேல் ஒலிகள் மட்டும் இன்னும் சரியாகக் கேட்பதில்லை. வீட்டார் மறைக்கச் சொல்லியும் கேட்காமல் மாப்பிள்ளையிடம் அவளே விஷயத்தைச் சொல்லிவிட்டாளாம். "எந்தப் பக்கம் உக்காந்து பேசணும்?" என்றுதான் அவர் கேட்டாராம். இப்போது அவளுக்குக் கல்யாணமாகிவிட்டது.

இந்த நோயில் நாளைத் தின்றுவிடுகிற தப்பான ஊகங்கள் மூன்று. "தலைக்குக் குளிச்சேன், தண்ணி போயிருக்கும்". "சளி பிடிச்சிருக்கு, தானா விட்டுடும்". "அழுக்கு அடைச்சிருக்கு, எண்ணெய் விட்டா சரியாயிடும்". மூன்றுமே சில சமயம் உண்மையாக இருக்கலாம். குளித்த பிறகு குறும்பி ஊறிப் பருத்துத் துவாரத்தை அடைப்பது தினமும் நடக்கிற சங்கதி. ஆனால் அதை டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்து ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். நாமாக முடிவு செய்து ஒரு வாரம் காத்திருப்பதுதான் ஆபத்து.

எண்ணெய் விடலாமா?

சித்த வைத்தியனான என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பூண்டைத் தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சிக் காதில் விடுவது நம் வீடுகளில் பல தலைமுறையாக உள்ள பழக்கம்.

சித்த மருத்துவத்தில் அக மருந்து 32 வகை, புற மருந்து 32 வகை. எதை எந்த நோயில், எந்த நிலையில் பயன்படுத்துவது என்பதைக் கணித்த பிறகுதான் மருந்து. காதைப் பார்க்காமல் எண்ணெய் ஊற்றுவது சித்த மருத்துவமும் ஆகாது! செவிப்பறை முழுசாக இருந்தால் அது ஒரு மூடிய கதவு. வெளியே விட்ட எண்ணெய் அதைத் தாண்டி உள்காது நரம்புக்குப் போகவே போகாது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நடுக்காதுக்குள் இறங்கிச் சீழ் வைக்கும். சூடாக விட்டால் வெந்துபோகும். ஆக, நரம்புக் குறைக்கு எண்ணெய் உதவாது; ஓட்டைக் காதுக்கு ஆகாது.

எங்கள் வைத்தியத்துக்கு வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. அடிக்கடி ஜலதோஷம் பிடித்து மூக்கும் காதும் அடைத்துக் கொள்பவர்கள் நொச்சி இலை போட்டு வேது பிடித்தால் மூக்கடைப்பு தளர்ந்து சற்று இதமாக இருக்கும். காது இரைச்சலால் தூக்கம் கெட்டவர்களுக்கு உணவு ஒழுங்கும் உடல் தணிவும் உறக்கமும் தருவதற்கு வழிகள் உண்டு. ஆனால் ஆடியோகிராமுக்குப் பதிலாக இல்லை, அதற்குப் பிறகு!

எண்ணெய்க் குளியல் பழக்கம் உள்ளவர்கள் கவனிக்கவும்: செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள், பஞ்சில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவி காதை அடைத்துக் கொண்டுதான் தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும். ஹேர்பின், தீக்குச்சி, கோழி இறகு, பட்ஸ் எதையும் யாரும் காதுக்குள் விடக் கூடாது. குறும்பி தானாக வெளியே வரும். பட்ஸ் அதை உள்ளே தள்ளி இறுக்கிவிடும்.

மெல்ல மெல்லக் குறைந்தால்?

ஒரு காதில் மட்டும் இரைச்சல், அதே காதில் கேள்வி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது, நடையில் லேசான தள்ளாட்டம் இருந்தால் அலட்சியம் வேண்டாம். கேள்வி நரம்போடு ஒட்டிச் செல்லும் சமநிலை நரம்பில் வளரும் ஒரு கட்டி காரணமாக இருக்கலாம். பயப்படாதீர்கள், இது அபூர்வம், புற்றுநோய் வகையும் இல்லை. பெரும்பாலும் மெதுவாகவே வளரும். சிறியதாக இருந்தால் வருடம் தோறும் ஸ்கேன் எடுத்துக் கவனித்து வந்தாலே போதும் என்று டாக்டர்கள் விட்டுவிடுவதும் உண்டு. ஆனால் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தேவை. திடீர்க் குறை வந்தவர்களுக்கும் இந்த ஸ்கேன் எடுக்கச் சொல்வது இதனால்தான். காசு பிடுங்குகிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

விட்டு விட்டு வரும் கடுமையான தலைசுற்றல், கூடவே ஒரு காதில் அடைப்பு, இரைச்சல், மந்தம் என்றால் மெனியர் நோயாக இருக்கலாம். காதில் கொப்புளங்களும் வலியும் வந்து, அதே பக்கம் முகம் கோணினால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். நாற்றமடிக்கும் சீழ் நாள்பட வடிந்தால் அது எலும்பை அரிக்கும் வகையாக இருக்கக் கூடும். சொட்டு மருந்து மட்டும் போதாது.

குழந்தைகள் சொல்ல மாட்டார்கள்!

பிறந்ததிலிருந்தே ஒரு காது கேட்காத குழந்தைக்கு, மற்றவர்களுக்கு இரண்டு காதும் கேட்கும் என்பதே தெரியாது. அதனால் புகார் சொல்லாது. பிறந்த குழந்தைக்குச் செய்யும் கேள்விச் சோதனையில் ஒரு காது தேறவில்லை என்றால், "ஒண்ணு பாஸ் ஆயிடுச்சில்ல" என்று விட்டுவிடாதீர்கள். மூன்று மாதத்துக்குள் மறு பரிசோதனையை முடித்துவிட வேண்டும்.

பொன்னுக்கு வீங்கி என்ற தாளம்மை வந்தால் கழுத்தில் தங்கச் சங்கிலி போடுவார்கள், வேப்பிலை அரைத்துப் பூசுவார்கள். கன்ன வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்துவிடும். சில குழந்தைகளுக்கு அந்த வைரஸ் ஒரு காதின் நரம்பை நிரந்தரமாகக் கெடுத்துவிட்டுப் போய்விடுகிறது. வருடங்கள் கழித்துத்தான் தெரிய வரும். வீக்கம் வடிந்த பிறகு இரண்டு காதையும் தனித்தனியாகச் சோதியுங்கள். தடுப்பூசிக் கார்டையும் எடுத்துப் பாருங்கள். எம்.ஆர். என்றால் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டும், எம்.எம்.ஆர். என்றால்தான் அதில் பொன்னுக்கு வீங்கிக்கும் பாதுகாப்பு உண்டு. போடவில்லை என்றால் குழந்தை மருத்துவரைக் கேளுங்கள்.

"பாடத்தைக் கவனிக்கறதில்லை, கூப்பிட்டா திரும்பறதில்லை" என்று டீச்சர் புகார் சொன்னால், அடிப்பதற்கு முன் காதைப் பாருங்கள். 1980களில் அமெரிக்காவில் ஒரு காது கேட்காத பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஏதாவது ஒரு வகுப்பைத் திரும்பப் படித்திருந்தது தெரிந்தது. அவர்கள் மக்குக் குழந்தைகள் இல்லை. அரைகுறையாகக் காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு தடுமாறியவர்கள். முன் வரிசையில், நல்ல காது டீச்சர் பக்கம் இருக்குமாறு உட்கார வைத்தாலே பெரிய மாற்றம் தெரியும்.

ஒரு காதோடு வாழ்வது

சிகிச்சைக்குப் பிறகும் திரும்பாத காதுக்கு வழிகள் உண்டு. கேட்காத காதில் ஒரு மைக் வைத்து, அந்தப் பக்கச் சத்தத்தை நல்ல காதுக்கு அனுப்பும் 'கிராஸ்' கருவி ஒரு வகை. எலும்பு வழியாக ஒலியைக் கடத்தும் கருவி இன்னொரு வகை. 2019இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், ஒரு காது மட்டும் கேட்காதவர்களுக்கும் காக்ளியர் இம்ப்ளாண்ட் வைக்க அனுமதி தந்தது. செலவு அதிகம், எல்லோருக்கும் அவசியமும் இல்லை. முதல் இரண்டையும் வாங்குமுன் சில நாள் போட்டுப் பார்த்து முடிவு செய்யலாம்.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் செவித்திறன் குறையை இரண்டு காதையும் வைத்தே வரையறுக்கிறது. அதனால் ஒரு காது போனவருக்குப் பெரும்பாலும் சட்டச் சலுகை கிடைக்காது. பார்ப்பவர்களுக்கும் குறை தெரியாது. வீட்டார் புரிந்துகொண்டால்தான் உண்டு. சாப்பிடும்போது நல்ல காதுப் பக்கம் உட்காருங்கள். முகம் பார்த்துப் பேசுங்கள். பக்கத்து அறையிலிருந்து கத்தாமல் அருகில் போய்ச் சொல்லுங்கள். சாலையைக் கடக்கும்போது அவர்கள் கண்ணை நம்ப வேண்டும். காதை நம்பக் கூடாது.

இருக்கிற ஒரு காதைக் கண் போலக் காப்பது மிக முக்கியம். இயர்போன் சத்தம் 60 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். தீபாவளி வெடிக்கு விலகி நில்லுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும், "எனக்கு ஒரு காதுதான் கேட்கும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சில ஊசி மருந்துகள் காது நரம்பைப் பாதிக்கும். தெரிந்தால் அவர் மாற்று மருந்து தருவார்.

இன்றே செய்யுங்கள்

இந்தப் பத்திரிகையைக் கீழே வைத்ததும் வீட்டில் எல்லோரையும் கூப்பிடுங்கள். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு காதை விரலால் நன்றாக அடைத்துக் கொள்ளட்டும். நீங்கள் அடுத்த காதருகே கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் மெல்ல உரசுங்கள். கேட்கிறதா? பிறகு மறு காது. வித்தியாசம் தெரிந்தால் ஒரு ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள். அந்த வித்தியாசம் நேற்றோ முந்தாநாளோ வந்தது என்றால், நல்ல நாள் பார்க்க வேண்டாம்... இன்றைக்கே ஈ.என்.டி. டாக்டரிடம் கிளம்புங்கள்!